நான்காவது ஆவணம்

ஒரு வாக்கியம் அழகாக முடிய வேண்டும் என்பதற்காகச் சொந்த அக்காவின் நிலத்தைத் தொலைக்கப் பார்த்தவன் நான். வெட்கக்கேடுதான். ஆனால் தாலுகா அலுவலகக் கோப்பில் பக்க எண் போட்டு ஏறிவிட்ட விஷயத்தை நான் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாக்கியமும் அதற்கு முந்தைய மூன்றும் இதோ: “நாங்கள் பரம்பரை விவசாயிகள். அக்கா வரப்பில் குடை பிடித்து நிற்பாள். நான் திரையில் உழுது நிற்பேன். எங்கள் இருவர் காலிலும் சேறு படாது.”

எழுதியபோது இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்து, “படாது” என்று முடியும் இடத்தில் எனக்கு நானே தலையசைத்துக்கொண்டேன். முதல் பாதி ஏறக்குறைய உண்மை. கடைசி வரியில் என்னைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. அக்காவைப் பற்றிச் சொன்னது முழுப் பொய். அவள் கண் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்த வாரத்தில், வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக ஒரே ஒரு நாள் குடையோடு வரப்பில் நின்றாள். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் நான் அந்த ஒரு நாளில்தான் போயிருந்தேன். பார்த்ததை எழுதினேன். பார்க்காத முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

இதை எங்கே எழுதினேன் என்றால், வீடியோ கேம் பற்றிய ஒரு பத்தியில். என் தொழில் அது. தஞ்சாவூரில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடி, அதைப் பற்றி எழுதிப் பிழைக்கிறேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்ன இரக்கம் வரும். பெண் பார்க்கப் போன காலத்தில் ‘பத்திரிகையாளர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். மேலே கேட்டால் ‘தொழில்நுட்பம்’ என்போம். அதற்கும் மேலே யாரும் கேட்டதில்லை.

எழுதுவதிலும் எனக்கு ஒரு கோணல் உண்டு. ஒரு விளையாட்டு நன்றாக இருக்கிறதா, வாங்கலாமா என்று சொல்வதில் எனக்கு ருசியில்லை. யாருக்கும் தெரியாத, தெரிந்தாலும் ஒன்றும் ஆகாத துணுக்குகள்தான் என் சரக்கு. ஒரு கார் பந்தய விளையாட்டில், மூன்றாவது சுற்றில் கைதட்டும் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நிழல் விழாது. ஒரு போர் விளையாட்டில் தளபதியின் மேசைமேல் கிடக்கும் ராணுவ ரகசியக் காகிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது வரைந்தவர் வீட்டு மளிகைச் சீட்டு. ஒரு பண்ணை விளையாட்டில் கோழியை இருநூறு முறை தட்டிக்கொடுத்தால், இருநூற்றோராவது முறை அது நாயைப் போலக் குரைக்கும். இருநூறு முறை தட்டிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒளிந்திருக்கும் கதவைத் தேடி ஒவ்வொரு அறையிலும் சுவரோடு சுவராக உரசிக்கொண்டே நடப்பதுதான் என் வேலை முறை. மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் முடிக்கும் விளையாட்டு எனக்கு மூன்று வாரம் பிடிக்கும். படிப்பவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் எல்லோரும் கடைசி வரை படிப்பவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொஞ்சம் பேரில் எங்கள் நிலத்துக்காரரின் வக்கீலும் ஒருவர் என்பது எனக்குத் தெரியாது.

நிலம் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, புது ஆற்றுப் பாசனத்தில், ஒன்பது மா. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அப்பா அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாரிடம் ஆளாக வேலை பார்த்தவர். பிறகு அதே பண்ணையின் நிலத்துக்குக் குத்தகைதாரர் ஆனவர். ஆளாக இருந்தவர் குத்தகைதாரர் ஆனது எப்படி என்பது தனிக் கதை. அதில் போராட்டம், சட்டம், இரண்டு மூன்று ஆட்சி எல்லாம் வரும். அப்பாவிடம் கேட்டால் ஒரே வரியில் முடிப்பார்: “கேட்டோம், கொடுத்தாங்க. கொடுக்கலேன்னா மறுபடி கேட்டோம்.” குத்தகைப் பதிவேட்டில் தன் பெயர் ஏறிய நாளில் அவர் ஒரு புது வேட்டி வாங்கி, கட்டாமலே பெட்டியில் வைத்திருந்தார்.

நான் படிப்பு என்று கிளம்பிவிட்டேன். அக்காவுக்கு உள்ளூரிலேயே கல்யாணம். அத்தான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அப்பா படுத்த பிறகு அந்த ஒன்பது மாவையும் அக்காதான் பார்த்தாள். பதினாறு வருஷம். அப்பா போனதும் பதிவேட்டில் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு மனுக் கொடுத்தாள். பழைய பண்ணையாரின் பேரன் சென்னையிலிருந்து ஆட்சேபணை அனுப்பினார். புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. பக்கத்து வயலில் ஏற்கெனவே வெள்ளைக் கல் நட்டு, யாரோ ஒருவர் பெயரோடு ‘நகர்’ என்று பலகை வைத்து, நடுவில் தாஜ்மகால் மாதிரி ஒரு நுழைவாயிலும் கட்டிவிட்டார்கள்.

ஆட்சேபணை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குத்தகைச் சட்டம் காப்பாற்றுவது வயலில் இறங்கி வேலை செய்கிறவரை. தானோ, தன் குடும்பத்தாரோ உடம்பால் உழைக்க வேண்டும். முழுக்கக் கூலி ஆள் வைத்து, தான் வேடிக்கை பார்ப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அக்கா வேடிக்கை பார்ப்பவள் என்றார் இப்போது நிலத்துக்காரரான அந்தப் பேரன். ஆதாரமாக நான்கு ஆவணம் வைத்தார். முதல் மூன்றும் யாரோ எவரோ எழுதிக்கொடுத்த வாக்குமூலம். நான்காவது, என் பத்தியின் அச்சுப்பிரதி. “எங்கள் இருவர் காலிலும் சேறு படாது” என்ற வரியை மஞ்சள் மையில் தடவியிருந்தார்கள்.

அக்கா போனில்தான் சொன்னாள். அழவில்லை, திட்டவில்லை.

“ஏண்டா, குடை பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு எழுதினியாமே?”

“அது சும்மா தமாஷுக்குக்கா.”

“எதுல வருது அது?”

“கேம்ஸ் பத்தி ஒரு...”

“சரி. தாசில்தார் வயலுக்கே வந்து பார்க்கப்போறாங்களாம், மொத களை எடுக்கிற சமயத்துல. நீ வர்றியா?”

“வர்றேன்க்கா.”

“வந்து அது தமாஷுன்னு சொல்லிடு. தமாஷுன்னு அவங்களுக்குத் தெரியல போல.”

அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் வெளியூரில். அத்தானின் சம்பளத்தில் வீட்டுக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஒன்பது மா போனால் அக்கா காலையில் எழுந்து எங்கே போவாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றிய ஒரே இடம் டிவி முன்னால் இருக்கும் நாற்காலி. வீட்டுக்கு வீடு அரசாங்கம் கலர் டிவி கொடுத்த வருஷத்தில் வந்த டிவி அது. அக்கா அதில் சீரியல் பார்த்ததைவிட, நான் ஊருக்குப் போகும்போது விளையாட்டுப் பெட்டியைச் செருகி ஆடியதுதான் அதிகம்.

எனக்கு இருந்த ஒரே ஆயுதம் சுவரை உரசுவது. இரண்டு வாரம் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய அடங்கலையெல்லாம் புரட்டினேன். எந்த வயலில் எந்தப் பயிர், யார் சாகுபடி என்று வருஷா வருஷம் கிராமக் கணக்கில் எழுதுவதுதான் அடங்கல். ஒளிந்த கதவு எங்காவது இருக்கும் என்று ஒவ்வொரு பக்கமாக உரசினேன். எத்தனை கிடைத்தது என்கிறீர்கள்! எங்கள் வயலுக்கு வடக்கே ஒரு வாய்க்கால் வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை. ஒரு வருஷம் பயிர்க் கலத்தில் ‘நெல்’ என்று எழுதிய கணக்குப்பிள்ளை, குறிப்புக் கலத்தில் ‘கிளி உபத்திரவம்’ என்று எழுதியிருந்தார். அடுத்த வருஷமும் கிளி. மூன்றாம் வருஷம் ‘கிளி இல்லை’. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு தயார் செய்து, ஊருக்குப் போனதும் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

“நான் களை எடுத்தேன்னு இதுல எங்க இருக்கு?”

இல்லை. இருபத்திரண்டு பக்கத்திலும் அது மட்டும் இல்லை. அடங்கலில் அப்பா பெயர் இருந்தது, கிளி இருந்தது, அக்கா இல்லை.

விவசாயிகள் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். சிவப்புத் துண்டு, ஒரு பழைய மொபெட், எந்த ஆட்சி வந்தாலும் எதிர்ப்பு. அவன் இருபத்திரண்டு பக்கத்தையும் வாங்கி மொபெட் பையில் போட்டுக்கொண்டு சொன்னான்:

“மாப்ள, இத மழைக்குத் தலையில வச்சுக்கலாம். சட்டத்துல ‘குடும்பத்தார்’னு இருக்குல்ல? நீயும் குடும்பந்தான? அன்னிக்கு வயல்ல இறங்கி நில்லு.”

“எனக்குக் களை எடுக்கத் தெரியாதேடா.”

“ஊர்ல எல்லாரும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தாங்க? நாளைக்கு ஒரு நாள் பழகு.”

இதைக் கேட்டுக்கொண்டே அக்கா பானையைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஆய்வுக்கு முதல் நாள் காலை வயலில் இறங்கினேன். என் மாதிரி ஆளுக்குக் களை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இளம்பயிரில் நெல்லைப் போலவே ஒரு புல் வளரும். உயரம் ஒன்று, நிறம் ஒன்று. ஆனால் நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு சின்ன நாக்கு மாதிரி வெள்ளைத் தோல் இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. இதை அக்காவிடம் பெருமையோடு சொன்னேன்.

“நாக்கா?” என்றாள். “எனக்கு அதெல்லாம் தெரியாதுடா. தொட்டா தெரியும்.”

அவளும் கூட வந்த நான்கு பெண்களும் குனிந்தபடியே பேசிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் ஒவ்வொரு தூராகப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, நாக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு துண்டு விரிக்கும் அகலத்துக்குச் சுத்தம் செய்திருந்தேன். அக்கா திரும்பி வந்து என் கையில் இருந்த களைக்கட்டை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல பாதி நெல்லுடா.”

“நாக்குப் பார்த்துதான்க்கா பிடுங்கினேன்.”

பக்கத்தில் நின்ற பெண், “விடுங்கக்கா, தம்பி நாக்கு இல்லாததையெல்லாம் விட்டுட்டு இருக்கிறதைப் பிடுங்கிட்டாரு. மனசு சரியா இருந்துச்சு, கைதான் மாறிப்போச்சு” என்றாள். வயல் முழுக்கச் சிரிப்பு. எனக்கும்தான். இடுப்பு விட்டுப்போயிருந்தது, ஆனால் அதற்கு முன் என் எழுத்தைப் படித்து ஐந்து பேர் ஒரே நேரத்தில் சிரித்ததாக நினைவில்லை.

மறுநாள் காலை, கிளம்பும்போதுதான் அக்காவின் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை கருஞ்சிவப்பாக மருதாணி.

“என்னக்கா இது? இன்னிக்குப் போய்!”

“நடவுக்கு முன்னாடியே போட்டதுடா. நேத்து ராத்திரி மறுபடி கொஞ்சம் அரைச்சுப் போட்டேன்.”

“தாசில்தார் வர்றாங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி மருதாணி போட்டுக்கிட்டு நின்னா, வேலை செய்யறவங்கன்னு எப்படிக்கா நம்புவாங்க? சோப்புப் போட்டுத் தேச்சுப் பாரேன்.”

“மருதாணி சோப்புல போகுமா?”

“புடவையாவது கொஞ்சம் இறக்கிக் கட்டேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவையை வழக்கம் போல முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே, இன்னொரு சான்று எதிராளிக்குப் போகப்போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டு போனேன். சுவரில் உரசி உரசிக் கதவு தேடுகிறவனுக்குக் கண்ணெதிரே இருக்கும் கதவு தெரியவில்லை என்று இப்போது எழுதலாம். அப்போது எனக்கு மருதாணி என்றால் கல்யாணம், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார் ஒரு பெண்மணி, நாற்பது வயதுக்குள். கூடவே ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கையில் அட்டையில் கிளிப் போட்ட காகிதத்தோடு. எதிர்ப்பக்கத்துக்கு நிலத்துக்காரர் வரவில்லை. அவருடைய காரியஸ்தர் வந்திருந்தார். அவரை எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆட்சி மாறினால் ஊரில் முதலில் மாறுவது அவருடைய வேட்டிக் கரைதான். செய்தித்தாள் வருவதற்கு முன்பே கரையைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். வரப்பில் நடந்தால் வேட்டி நனையும் என்று ரோட்டோரமாகவே நின்றுகொண்டார்.

அக்கா முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் இறங்கி, பாதுகாப்பாக ஒரே இடத்தில் நின்றேன், பக்கத்தில் சங்கத் தோழன்.

“மேடம், இவங்க ஆளு வெச்சு சாகுபடி பண்றவங்க” என்றார் காரியஸ்தர். “இவங்க தம்பியே எழுதிக் கொடுத்திருக்காரு. நாலாவது டாக்குமெண்ட்.”

தாசில்தார் அச்சுப்பிரதியை எடுத்து, அந்த நான்கு வரியையும் சத்தமாகப் படித்தார். அவர் படித்தபோது அதில் ஒரு ஓசையும் இல்லை. மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது.

“இதை எழுதினது யாரு?”

“நாந்தாங்க.”

“உண்மையா?”

“என்னைப் பத்திச் சொன்னது உண்மைங்க மேடம். அக்காவைப் பத்திச் சொன்னது பொய்.”

“பொய்யின்னு தெரிஞ்சேவா எழுதினீங்க?”

“இருவர்னு சொன்னாதான் முடிப்பு நல்லா இருந்துச்சுங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இதை எந்தக் கலத்தில் எழுதுவது என்று அவருக்குக் குழப்பம். நான் விடாமல், கண் புரை, டாக்டர், அந்த ஒரு நாள் குடை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தோடு நின்றிருக்கலாம். குடை என்றதும் வாய் தானாகக் கிளம்பிவிட்டது. “மேடம், ஒரு பண்ணை விளையாட்டுலகூட மழை நாள்ல குடை பிடிச்சா பயிர்...” என்று ஆரம்பித்தேன். சங்கத் தோழன் சேற்றுக்குள் என் காலை ஓங்கி மிதித்தான்.

“நீங்களும் இந்த வயல்ல வேலை செய்யறீங்களா?” என்றார் தாசில்தார்.

என் கையில் ஒரு கட்டு இருந்தது. வரப்பிலிருந்து பார்த்தாலே அதில் பாதி நெல் என்று தெரிந்திருக்கும். சொல்ல வேண்டிய பதில் முந்தின நாளே பேசிவைத்ததுதான்: ஆமாங்க, லீவு கிடைக்கும்போதெல்லாம் வருவேன். தோழன் எனக்காகத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்தாள்.

“இல்லீங்கம்மா. அவன் நேத்துதான் இறங்கினான். பொய் சொல்லிப் பேரு மாத்தி எனக்கு வேணாங்க. நான்தான் செய்யறேன். நடவுக்கும் அறுப்புக்கும் ஆளு வெப்பேன், ஒருத்தியா முடியாது. மத்ததெல்லாம் நான்.”

தோழன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் போட்ட திட்டம் முடிந்தது. காரியஸ்தர் முகம் மலர்ந்து, வேட்டியை மறந்து இரண்டு அடி வரப்பில் இறங்கி வந்தார்.

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்? தம்பி வேலை செய்யலேன்னு அவங்க வாயாலயே வந்துருச்சு. இவங்க செய்யறாங்களான்னு காலைப் பாருங்க. மருதாணி போட்டு அழகு பண்ணிக்கிட்டு நிக்கிறாங்க. சேத்துல கிடந்து உழைக்கிறவங்க காலா இது? கல்யாண வீட்டுக்குப் போற காலு.”

காலையில் நான் சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். என் கவலைக்கும் அவர் குற்றச்சாட்டுக்கும் ஒரு சொல் வித்தியாசமில்லை.

தாசில்தார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரம் வரை நடந்து வந்தார்.

“அம்மா, கொஞ்சம் மேல வாங்க. காலை வாய்க்கால்ல அலசிட்டுக் காட்டுங்க.”

அக்கா வந்து, காலை அலசி, வரப்பில் உட்கார்ந்து நீட்டினாள். நான் என் அக்காவின் காலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். மருதாணியில் பூ இல்லை, புள்ளி இல்லை, கோடு இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, குதிகால், உள்ளங்கால், விரல் இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் பூசியிருந்தது. விரல்களைத் தாசில்தார் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, தோல் பிளந்து, இரண்டு இடத்தில் சிவந்து கிடந்தது.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“சேத்துப்புண்ணுங்களா? நாத்தங்கால் விட்டதுலேருந்து. வருஷா வருஷம் வரும். மருதாணி போட்டா கொஞ்சம் தாங்கும்.”

தாசில்தார் காரியஸ்தர் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுல யாரும் வயல்ல இறங்கினதில்லையா?”

“எங்க வீட்டுலயா மேடம்?” அவருக்கு அது கொஞ்சம் அவமானமாகவே பட்டது. “இல்லீங்க.”

“அதான். எங்கம்மா காலு தை மாசம் வரைக்கும் இந்தக் கலர்லதான் இருக்கும். ஸ்கூலுக்கு என்னைக் கொண்டுவந்து விடும்போது, உங்கம்மா ஏன் தினமும் கல்யாணத்துக்குப் போறாங்கன்னு பொண்ணுங்க கேக்கும்.” பிறகு இன்ஸ்பெக்டரிடம்: “எழுதிக்குங்க. மனுதாரரின் இரண்டு பாதங்களிலும் சேற்றுப்புண் காணப்பட்டது. விரல் இடுக்குகளில். நாள்பட்டது. அதற்கு மருதாணி பூசியிருக்கிறார்.”

“மருதாணிங்கிறதும் எழுதணுங்களா மேடம்?”

“எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதினார். தாசில்தார் அக்காவிடம் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். தண்ணீர் எந்த மடையில் ஏறும், எங்கே வடியும், விதை எங்கே வாங்கினது, போன வருஷம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று. அக்கா நகத்தில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதே கேள்விகளில் இரண்டைக் காரியஸ்தரிடம் கேட்டதற்கு, அவர் ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜீப் போன பிறகு அக்கா மறுபடி வயலில் இறங்கினாள். பாதியில் விட்ட பாத்தி இருந்தது.

நான் வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். நிழல் இல்லாத பார்வையாளனைப் பிடித்தேன், கோழியைக் குரைக்கவைத்தேன், தாலுகா அலுவலகத்தில் கிளி வந்த வருஷத்தைக்கூடத் தேடி எடுத்தேன். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டுக் கொல்லையில் மருதாணிச் செடி நிற்பது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அழகுக்கு என்றே இருந்துவிட்டேன். தெரியாத விஷயம் ஒன்று கிடைத்ததும் எனக்கு வழக்கமாக வரும் பரபரப்பு வந்தது. கூடவே வழக்கமில்லாத ஒரு கூச்சமும் வந்தது. இரண்டும் சேர்ந்து இருந்ததால் எழுந்து போகத் தோன்றவில்லை. வெயில் இதமாக இருந்தது. தோழன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன்னை இறக்கினது என் தப்பு மாப்ள” என்றான். “ஆனா நீ அந்தக் கட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன பாரு, எலெக்‌ஷன்ல டெபாசிட் போன ஆளுகூட அப்படி நின்னு பார்த்ததில்ல.”

அடுத்த பத்தியில் ஒரு திருத்தம் எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் விளையாட்டு அல்லாத ஒன்றுக்கு எழுதிய ஒரே திருத்தம். சேறு, மருதாணி, என் பொய் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தேன். வாசகர் ஒருவர் மட்டும் எழுதினார், புது கால்பந்து விளையாட்டுக்கு விமர்சனம் எப்போது வரும் என்று கேட்டு.

பொங்கலுக்கு முன், அறுப்பு முடிந்த வாரத்தில் உத்தரவு வந்தது. ஆட்சேபணை தள்ளுபடி, குத்தகைப் பதிவேட்டில் அக்கா பெயர். பங்கு கோரவில்லை என்று நான் எழுதிக்கொடுத்திருந்ததால் அவள் பெயர் மட்டும். நிலத்துக்காரர் மேல்முறையீடு செய்யலாம், செய்வார் என்றுதான் தோழன் சொல்கிறான். அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஆனால் பெயர் ஏறியது ஏறியதுதான். அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள், மஸ்கட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினாள், பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. மனம் நிறைந்து, கண் கலங்கி, அவள் பின்னாலேயே போய் ஒரு சபதம் செய்தேன். “அக்கா, முடிவு பண்ணிட்டேன். இனிமே வருஷா வருஷம் நடவுக்கும் களைக்கும் வந்துடுறேன். எல்லா வேலையையும் விட்டுட்டு வர்றேன். எனக்கும் கொஞ்சம் கத்துக்கொடு.”

அக்கா வைக்கோலை உதறிப் போட்டு முடித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்:

“வேணாண்டா தம்பி. ஆளு வெச்சா வேலைய மட்டும் பார்த்தா போதும். நீ வந்தா பயிரையும் பார்க்கணும், உன்னையும் பார்க்கணும், நடுவுல கோழி குரைச்ச கதைய வேற கேக்கணும்.”